கஸ்டம்ஸ் வேலையில் நான் எழுதி வைத்ததும் எழுதாமல் விட்டதும்

விமான நிலையத்தில் எனக்கு முதல் ஷிஃப்ட். 1987. வெள்ளை யூனிஃபார்மில் கஞ்சி மொடமொடப்புகூடப் போகவில்லை. உள்ளே நுழைந்ததும் சீனியர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கையில எவ்வளவு காசு இருக்கு?" என்பதுதான். மேசையில் ஒரு நீளப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். பெயர், வந்த நேரம், கையில் இருக்கும் சொந்தப் பணம், கையெழுத்து. பாக்கெட்டில் இருந்ததை எண்ணினேன். 47 ரூபாய். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஷிஃப்ட்டின் நடுவில் யார் வந்து சோதித்தாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் என்னிடம் இருக்கக் கூடாது. இருந்தால் அது எப்படி வந்தது என்று நான்தான் சொல்லியாக வேண்டும்.

தேர்வு எழுதி வேலைக்கு வந்தவனை முதல் நாளே சந்தேகப்படுகிறார்களே என்று மனதுக்குள் வெந்தேன். அந்தக் கோபம் நாலைந்து மாதம்தான் இருந்தது. ஒரு நள்ளிரவு சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டிக்குத் தீர்வை (சுங்க வரி) போட்ட ஆத்திரத்தில், அவருடைய 200 டாலரை நான் எடுத்துக்கொண்டதாக எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். சூப்பரின்டெண்டென்ட் வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் பதிவேட்டைப் பிரித்தார். என் பாக்கெட்டில் இருந்ததை மேசையில் கொட்டச் சொன்னார். நான் எழுதியிருந்தது 58 ரூபாய். டீக்கும் வடைக்கும் போனது போக 55 இருந்தது. கால் மணி நேரம் கழித்து அந்தப் பெரியவரே பாஸ்போர்ட் உறைக்குள்ளிருந்து டாலர் நோட்டுகளை எடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கோ தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நேர்மையானவனா என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் கண்ணால் பார்த்துவிட முடியாது. பதிவேட்டில் இருந்த ஒரு வரியை எல்லாராலும் பார்க்க முடிந்தது.

1986-ல் சுங்கத் துறையில் பிரிவென்டிவ் ஆபீசராக (கடத்தல் தடுப்பு அதிகாரி) சேர்ந்து 2022-ல் சூப்பரின்டெண்டென்டாக ஓய்வு பெற்றேன். இத்தனை வருடமும் மூன்று புத்தகங்கள் என்னை நடத்தின. ஒன்று 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். பொதுமக்களிடம் நான் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது அதில் இருக்கிறது. அடுத்தது மத்திய அரசு ஊழியர்களின் நடத்தை விதிகள், 1964. மூன்றாவது, ஒழுங்கு நடவடிக்கை பற்றிய 1965-ஆம் ஆண்டு விதிகள். முதல் புத்தகத்தைப் பயிற்சியிலேயே கரைத்துக் குடித்துவிடுவோம். மற்ற இரண்டையும் மெமோ வரும்வரை யாரும் திறப்பதில்லை. எஸ்எஸ்சி (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதி இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அவற்றை இப்போதே திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் மேசைக்கு எதிரே நிற்பவர்களுக்கும் சில விஷயங்கள் உதவும். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

2004 மார்ச். ஒரு சிறிய துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைப் பரிசோதிக்கும் வேலை எனக்கு. பொம்மைகள் என்று சொல்லி ஒரு நாற்பதடிப் பெட்டகம் வந்திருந்தது. கம்ப்யூட்டரில் வந்திருந்த உத்தரவு, 100 சதவீதம் திறந்து பார்க்க வேண்டும் என்றது. சீல் எண்ணைச் சரிபார்த்துக் கதவைத் திறந்தோம். வாசலில் கூரை வரை அட்டைப் பெட்டிகள். முதல் இரண்டு வரிசையை இறக்கிப் பிரித்தால் பொம்மைக் கார்கள், பிளாஸ்டிக் வாடை. அப்போது மணி 5.40. ஏ.சி. சாரிடமிருந்து போன். உதவி ஆணையரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "பார்ட்டி அவசரத்துல இருக்காங்க. பத்து பர்சென்ட் பாத்தது போதும், ரிப்போர்ட் போட்டு விடுங்க." நான் தயங்கி, "சார், ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா..." என்றேன். "நான் சொல்றது பத்தாதா?" என்று போனை வைத்துவிட்டார்.

நான் பெட்டகத்தை விட்டுவிட்டேன். அதை இன்று வரை தவறு என்றுதான் சொல்வேன். ஆனால் பரிசோதனை அறிக்கையில் "10 சதவீதம் திறந்து பார்க்கப்பட்டது" என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அன்றிரவே ஏ.சி.க்கு ஒரு கடிதமும் எழுதினேன். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான அறிவிப்புப் படிவம்), தாங்கள் தொலைபேசியில் சொன்னபடி 100 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம் மட்டும் பார்க்கப்பட்டது, எழுத்தில் உறுதி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஐந்து வரி. மறுநாள் காலை தபால் பிரிவில் கொடுத்து, என் நகலில் வரவு முத்திரை வாங்கிக்கொண்டேன். பதில் வரவே இல்லை.

இப்படி எழுதியது என் புத்திசாலித்தனம் கிடையாது. நடத்தை விதி 3-லேயே இருக்கிறது. மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில்தான் இருக்க வேண்டும். வாய்மொழி உத்தரவை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாமல் சொன்னால் அவர் உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால், கேட்டு வாங்கும் கடமை கீழே இருப்பவருக்கு. "கேட்கலாம்" என்று விதி சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்கிறது. ரொம்பப் பேர் இதை மேலதிகாரியை எதிர்ப்பதாக நினைக்கிறார்கள். கேட்காமல் இருப்பதுதான் விதி மீறல்.

2009-ல் வேறொரு புலனாய்வில் அந்த இறக்குமதியாளரின் கிடங்கு சிக்கியது. பொம்மைக்குப் பின்வரிசையில் வருடக்கணக்காக மின்னணு உதிரி பாகங்கள் வந்திருக்கின்றன. அவருடைய பெட்டகங்களை விட்ட எல்லாருக்கும் சார்ஜ் மெமோ, அதாவது துறையின் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. எனக்கும், என்னோடு அங்கே இருந்த ஒரு நண்பருக்கும். என்னைவிட நாலு வயது சின்னவர், "அண்ணே, அண்ணே" என்று கூடவே இருந்தவர். அதே மாதிரி போன் உத்தரவில் அவர் மூன்று பெட்டகங்களை விட்டிருந்தார். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. போதாக்குறைக்கு, அறிக்கையில் 100 சதவீதம் பார்த்ததாகவே எழுதியிருந்தார். யாரிடமும் ஒரு பைசா வாங்காத மனிதர் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதை நான் விசாரணையில் சொன்னேன். சொல்லி என்ன பயன்?

அவரை முதலில் சஸ்பெண்ட் செய்தார்கள். சஸ்பென்ஷனில் பிழைப்பூதியம் என்று ஒன்று வரும். அரைச் சம்பள விடுப்பில் போனால் என்ன வருமோ அந்தத் தொகை. பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அதற்குள். பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே உண்டு. சஸ்பென்ஷன் உத்தரவை 90 நாளுக்குள் மறுஆய்வு செய்து நீட்டித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது தானாகவே செல்லாமல் போகும். நண்பர் அதை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தார். 80-ஆவது நாளே நீட்டித்துவிட்டார்கள்.

விசாரணையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். சார்ஜ் மெமோ வந்ததும் பதறிப்போய் அன்றே பத்துப் பக்கம் பதில் எழுதாதீர்கள். மெமோவின் பின்னிணைப்பில் குற்றச்சாட்டுகள், அவற்றின் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிகள் பட்டியல் என்று நான்கு பகுதி இருக்கும். முதலில் ஆவணப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பட்டியலில் இருக்கும் காகிதத்தைவிட, இருக்க வேண்டியது எது இல்லை என்பது முக்கியம். என் கடிதம் பட்டியலில் இல்லை. தபால் வரவுப் பதிவேட்டின் இன்ன தேதிப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். தேட மூன்று மாதம் ஆயிற்று. கிடைத்தபோது அந்த வரி மங்கிய நீல மையில் அப்படியே இருந்தது. அப்புறம், உதவிக்கு ஒரு அரசு ஊழியரையோ ஓய்வு பெற்றவரையோ வைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. தனியாகப் போகாதீர்கள். எனக்கு உதவிய பெரியவர் முதல் நாளே சொன்னார்: "கோபத்தை வீட்லயே வெச்சுட்டு வா. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லாத."

விசாரணை அதிகாரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எழுத்தில் வரும்வரை பெட்டகத்தை ஏன் நிறுத்தி வைக்கவில்லை? அதற்கு என்னிடம் பதில் இல்லை. முடிவில் எனக்குக் கண்டனம் என்ற சிறு தண்டனை. நண்பருக்குச் சம்பளத்தில் இரண்டு படி இறக்கம். போன் செய்த ஏ.சி. 2007-லேயே ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்றவர் மேல் துறை நடவடிக்கை தொடங்க வேண்டுமானால், சம்பவம் நடந்து நான்கு வருடத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்று ஓய்வூதிய விதி சொல்கிறது. 2004 மார்ச்சில் நடந்ததற்கு 2009-ல் அவர் மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கசப்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது 1994-ல் நானே செய்த ஒரு காரியம். கொழும்பிலிருந்து வந்த, கூலிக்குக் கடத்தல் பொருள் சுமக்கும் ஒரு 'குருவி'யிடம் பத்துத் தோலா தங்க பிஸ்கட்டுகள் பிடித்தோம். ஒரு பிஸ்கட் 116 கிராம் சொச்சம். உள்ளங்கையில் வைத்தால் அந்த அளவுக்கு இவ்வளவு கனமா என்று தோன்றும். ராத்திரி இரண்டு மணி. சோதனைக்கு முன்பே இரண்டு பேரையாவது அழைத்து, அவர்கள் கண் முன்னால்தான் சோதிக்க வேண்டும் என்று சுங்கச் சட்டத்தின் பிரிவு 102 சொல்கிறது. கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். அந்த நேரத்தில் சாட்சிக்கு யார் வருவார்கள்? தங்கத்தை எடுத்து, எடை போட்டு, மகஜரை (கைப்பற்றியதைச் சாட்சிகளோடு பதியும் ஆவணம்) எழுதி முடித்துவிட்டு, விடியற்காலையில் டிராலி தள்ளும் இருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். அதே இருவர் அந்த வருடம் வேறு பல மகஜர்களிலும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் அவர்களில் ஒருவரைக் கேட்டார்: "நீங்க அங்க இருந்தீங்களா?" "இல்லைங்க, நான் தூங்கிட்டு இருந்தேன். காலையில கையெழுத்துப் போடச் சொன்னாங்க." அவ்வளவுதான். பறிமுதல் உத்தரவு மேல்முறையீட்டில் ரத்தானது. தங்கம் திரும்பப் போயிற்று. அது கடத்தல் தங்கம்தான், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் எழுதிய மகஜர் பொய். அந்தப் பொய்யை நம்பி யாரும் யாரையும் தண்டிக்கக் கூடாது என்று நீதிமன்றம் நினைத்தது சரியே.

அதற்கப்புறம் சாட்சி வராமல் பெட்டியைத் திறந்ததில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. 1998-ல் ஒரு ராத்திரி அதற்கும் சோதனை வந்தது. ஒரு பெண் பயணி மேல் தகவல். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. அன்று பெண் அதிகாரி விடுப்பு. "ஹேண்ட்பேக்கையும் புடவை மடிப்பையும் மட்டும் பாத்துடலாமே" என்று ஒருவர் சொன்னார். முடியாது என்று நாற்காலி போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இன்னொரு பெண் அதிகாரியை வீட்டிலிருந்து வரவழைத்தோம். வந்து சேர இரண்டு மணி நேரம். அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தார். சோதித்ததில் ஒன்றுமே இல்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் தகவல் வந்த நேரத்தையும் காக்க வைத்த காரணத்தையும் பதிவேட்டில் எழுதினேன். பிறகு அவரிடம் போய், "அம்மா, சிரமப்படுத்திட்டோம்" என்றேன். புகார் கொடுக்க வந்த அவருடைய மகன், பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சுங்க அதிகாரிகளின் கையில் இருக்கும் பிரிவுகளில் 155-ஐ எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காக அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அது. அதற்குச் சில பக்கம் முன்னால் 136 இருக்கிறது. நம்பத் தகுந்த காரணம் இல்லாமல் ஒருவரைச் சோதனைக்கு உட்படுத்தினாலோ கைது செய்தாலோ அந்த அதிகாரிக்கே ஆறு மாதம் வரை சிறை. அதை யாரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை. காரணம் இருந்தது என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? சோதனைக்கு முன்னால் எழுதி வைத்திருந்தால்தான் காட்ட முடியும். கைது விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் இதையே அழுத்திச் சொல்லியிருக்கிறது. சுங்க அதிகாரி போலீஸ் அல்ல. ஆனாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில் பதிந்துதான் ஆக வேண்டும்.

இன்னொரு பாடம் நாள்காட்டியில் இருக்கிறது. பொருளைக் கைப்பற்றினால் ஆறு மாதத்துக்குள் காரணம் கேட்கும் ஷோ-காஸ் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 110. கொடுக்காவிட்டால் பொருள் யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவரிடமே திரும்பப் போக வேண்டும். 2001-ல் ஒரு கேஸில் மதிப்பீட்டு அறிக்கைக்காக ஃபைல் மேசை மேசையாகச் சுற்றியது. எட்டாவது மாதம் அவர் வக்கீலோடு வந்தார். கிடங்குச் சாவி என்னிடம். நானே எண்ணி எண்ணிப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தேன். அபராதத்துக்கு நோட்டீஸ் கொடுக்க முடியும், பொருள் போனது போனதுதான். அன்று முதல் கைப்பற்றிய ஒவ்வொரு கேஸுக்கும் டைரியில் ஐந்தாவது மாதம் சிவப்பு மையில் ஒரு கோடு போட ஆரம்பித்தேன். இப்போது மேலதிகாரி காரணத்தை எழுதி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். அதையும் முதல் கெடு முடிவதற்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நோட்டீஸில் கையெழுத்துப் போடுபவர் யார் என்பதிலேயே ஒரு பெரிய வழக்கு நடந்தது. டிஜிட்டல் கேமரா இறக்குமதி பற்றிய கேனான் இந்தியா வழக்கு. வருவாய்ப் புலனாய்வு இயக்குநரக அதிகாரி, சட்டம் சொல்லும் 'உரிய அதிகாரி' அல்ல, அவர் கொடுத்த தீர்வை நோட்டீஸ் செல்லாது என்று 2021 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுக்க ஏராளமான நோட்டீஸ்கள் ஆட்டம் கண்டன. அரசு 2022-ல் சட்டத்தைத் திருத்தியது. 2024 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றமே சீராய்வில் முந்தைய முடிவை மாற்றிக்கொண்டது. நான் ஓய்வு பெறும்போது அது இழுபறியில் இருந்தது. புதிதாக ஒரு இடத்தில் சேர்ந்தால், எந்த அறிவிக்கையின்படி எனக்கு இந்த அதிகாரம் வந்தது என்று முதல் வாரத்திலேயே தேடிப் படித்துவிடுங்கள்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். என் மகள் கல்யாணம் 2013-ல். நடத்தை விதி 13-ன்படி கல்யாணத்தில் நெருங்கிய உறவினரிடமும், வேலைத் தொடர்பு இல்லாத நண்பர்களிடமும் பரிசு வாங்கலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? என் சித்தப்பா மகனை உட்கார வைத்து, "துறைமுகத்துல இருந்து யார் வந்தாலும் சாப்பிடச் சொல்லு, கவரை மட்டும் வாங்காத" என்றேன். அப்படியும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்திலிருந்து வந்த பையன் 501 ரூபாய் எழுதிவிட்டுப் போயிருந்தான். மூன்றாம் நாள் மொய் நோட்டைப் புரட்டும்போதுதான் பார்த்தேன். என் மனைவி, "ஏங்க, ஐநூறு ரூபாய்தானே, அந்தப் புள்ள என்ன நினைக்கும்?" என்றாள். நானே நேரில் போய் அவன் கையில் கொடுத்து, அந்த நோட்டிலேயே எதிரே கையெழுத்து வாங்கினேன். அவன் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்து விதியை விளக்கினேன். அவன் இன்று சொந்தமாக லைசென்ஸ் எடுத்திருக்கிறான். பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பேசுவான்.

சரி, எதிரே நிற்பவர்களுக்கு.

வெளிநாட்டிலிருந்து வரும்போது தீர்வை கட்ட வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். தீர்வை இல்லாமல் கொண்டுவரும் அனுமதி அளவு அவ்வப்போது மாறும், கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையாக அறிவித்தவருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சலுகை பிரிவு 80-ல் இருக்கிறது. தீர்வை கட்ட வசதி இல்லை, அல்லது பொருள் உள்ளே வரத் தடை என்றால், அதைச் சுங்கத்திடமே ரசீது வாங்கி ஒப்படைத்துவிட்டு, திரும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம். அறிவிக்க ஒன்றும் இல்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் போய் மாட்டிக்கொண்டவர் இதைக் கேட்க முடியாது. வளைகுடாவில் வேலை பார்க்கும் எத்தனையோ பிள்ளைகள் இது தெரியாமல் பயத்தில் பச்சை வழியில் நடந்து, எல்லாவற்றையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பெண்கள் கனமான நகையோடு வெளிநாடு போனால், போகும்போதே சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது யாரும் கேள்வி கேட்க முடியாது. கூட ஒரு அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

எதை எடுத்துக்கொண்டாலும் ரசீது கேளுங்கள். நோட்டீஸ் வேண்டாம், வாய்மொழி விசாரணையே போதும் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் படிக்காமல் போடாதீர்கள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, ஆனால் நீங்களாகக் கேட்டால் மட்டும். அச்சடித்த படிவத்தில் வாங்கிய அப்படிப்பட்ட ஒப்புதலை ஏற்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது. உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு வந்த உறையையும் பத்திரமாக வைத்திருங்கள், தேதி அதில்தான் இருக்கும்.

"உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, உடனே பணம் கட்டுங்க" என்று வரும் போன்கள் தனிக் கதை. போன வருடம் என் அண்ணன் மகளுக்கே வந்தது. லண்டனிலிருந்து பரிசு, 35,000 ரூபாய் தீர்வை, ஒரு தனிநபர் வங்கிக் கணக்கு எண். நல்லவேளையாக எனக்குப் போன் செய்தாள். 2019 கடைசியிலிருந்து துறையின் கடிதம், சம்மன், நோட்டீஸ் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் தரும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். டின் என்று சொல்வோம். மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடிதம் நிஜமா என்று தெரிந்துவிடும். "அந்தக் கடிதத்துல டின் எங்கன்னு கேளு" என்றேன். கேட்டாள். எதிர்முனை போனை வைத்துவிட்டது. சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்தோம்.

போன மாதம் ஒரு இளம் அதிகாரி கூப்பிட்டாள். சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "சார், போன்ல சொல்லிட்டாங்க. சரக்கை விடணுமாம். உத்தரவுல வேற மாதிரி இருக்கு. என்ன பண்றது?" குரல் நடுங்கியது. "முதல்ல சரக்கை விடாதம்மா" என்றேன். நான் 2004-ல் செய்யாததை அவளாவது செய்யட்டும். பிறகு நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நாள், நேரம், பில் ஆஃப் என்ட்ரி எண். தொலைபேசியில் தாங்கள் தெரிவித்த வாய்மொழி உத்தரவு கம்ப்யூட்டரில் உள்ள பரிசோதனை உத்தரவுக்கு மாறாக உள்ளது. நடத்தை விதி 3-ன்படி எழுத்தில் உறுதி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கிடைத்தவுடன் மேல்நடவடிக்கை எடுக்கப்படும். மரியாதையாக, ஒரு உரிச்சொல்கூட இல்லாமல்.

இப்போது தபால் முத்திரை இல்லை. 2020-லிருந்து இ-ஆபீஸ். ஆனால் அதிலும் எண்ணும் நேரமும் விழும். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தாள். "அனுப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. "அனுப்பிட்டேன் சார், நம்பர் வந்துடுச்சு" என்றாள்.